பல்பு எரியாவிட்டால் பேட்டரியைத் திட்டாதீர்கள்: எளிய மின்சுற்றில் பிழை தேடும் வழிமுறை

"பேட்டரி போய்விட்டது சார்." பத்தாம் வகுப்பு மாணவர்கள் மின்சுற்று அமைக்கத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் ஏதாவது ஒரு மேசையிலிருந்து இந்தக் குரல் வந்துவிடும். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் பேட்டரி நன்றாகவே இருக்கும். குற்றவாளி கம்பியின் நுனியிலோ, ஹோல்டரின் அடியிலோ, சாவியின் (சுவிட்சின்) இடுக்கிலோ உட்கார்ந்திருப்பான்.

கீழே உள்ளவை எல்லாம் இரண்டு 1.5 வோல்ட் பேட்டரிகள், ஒரு டார்ச் பல்பு (2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று அதன் கழுத்தில் பொறித்திருக்கும்), ஒரு சாவி, நான்கைந்து ஒயர் துண்டுகள் ஆகியவற்றை வைத்துச் சொல்லப்பட்டவை. ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ட் இணைப்பில் இவற்றில் எதையும் செய்து பார்க்கக் கூடாது. அங்கே தவறு செய்தால் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடைக்காமல் போகலாம்.

பல்பு எரியவே இல்லை

முதலில் சுற்றைப் பிரிக்காமல் கண்ணால் பாருங்கள். இரண்டு பேட்டரிகளும் ஒரே திசையில் இருக்கின்றனவா? ஒன்று தலைகீழாக இருந்தால் 1.5-லிருந்து 1.5 போய் மிச்சம் ஒன்றுமில்லை. மூன்று பேட்டரி போடும் பெட்டியில் ஒன்று திரும்பியிருந்தால் 4.5 வோல்டுக்குப் பதில் 1.5 வோல்ட்தான் கிடைக்கும். அப்போது பல்பு மினுக்கென்று எரிந்து இன்னும் குழப்பும்.

அடுத்தது கம்பியின் நுனி. மோட்டார் சுற்றும் செம்புக் கம்பியைக் கொண்டுவந்து இணைக்கிற மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். பளபளவென்று செம்பு நிறத்தில் இருக்கும் அந்தக் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு உண்டு. அது நல்ல மின்காப்பு. உப்புத்தாளால் நுனியைச் சுரண்டினால் ஒழிய மின்னோட்டம் ஒரு துளியும் நுழையாது. பழைய கம்பியாக இருந்தால் களிம்பு ஏறியிருக்கலாம். செம்புக் குடத்துக்குச் செய்வதைப் போலவே புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும்.

கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை என்றால்தான் மீட்டரை எடுக்க வேண்டும். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லப்போகிறேன். மற்ற அறிகுறிகள் பலவற்றுக்கும் இதுதான் திறவுகோல்.

மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட் நிலையில், 20 வோல்ட் எல்லையில் வையுங்கள். சாவி போட்டே இருக்கட்டும். கறுப்பு ஒயரைப் பேட்டரியின் எதிர்முனையில் வைத்து அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஒயரை மட்டும் நேர்முனையிலிருந்து தொடங்கிச் சுற்றின் வழியே ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள். நேர்முனையில் 3.1 வோல்ட். சாவியின் முதல் முனையில் 3.1. சாவியின் மறுமுனையில் 3.1 என்றால் சாவி நல்லது. பல்பின் முதல் முனையில் 3.1. பல்பின் மறுமுனையில் திடீரென்று 0. அப்படியானால் அறுந்திருப்பது பல்பின் இழை, அல்லது பல்பு ஹோல்டரில் சரியாக அமரவில்லை.

பல்பின் இரு முனையிலுமே 3.1 காட்டினால்? இங்கேதான் வகுப்பே மௌனமாகும். பல்புக்குப் பிறகும் 3.1 வோல்ட் எப்படி வந்தது? ஓம் விதியை (மின்னழுத்தம் = மின்னோட்டம் × தடை) கேளுங்கள். மின்னோட்டம் சுழி. சுழியைப் பல்பின் தடையால் பெருக்கினாலும் சுழி. ஆகவே பல்பில் மின்னழுத்த வீழ்ச்சி ஏதுமில்லை, அதன் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. உடைப்பு இன்னும் தள்ளி, பல்பிலிருந்து எதிர்முனைக்குத் திரும்பும் கம்பியில் இருக்கிறது.

மின்னோட்டம் இல்லாத சுற்றில் மின்னழுத்தமும் இருக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஓரிடத்தில் சுற்று அறுந்தால் பேட்டரியின் மொத்த மின்னழுத்தமும் அந்த இடைவெளியின் இருபுறமும் போய் நிற்கும். கோயில் திருவிழாவில் கட்டுகிற பழைய சீரியல் செட் விளக்குகளை நினைத்துப் பாருங்கள். நாற்பது சின்னப் பல்புகளைத் தொடராக, அதாவது ஒன்றன் பின் ஒன்றாக, இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு வோல்டுக்கும் குறைவாகவே பங்கு வரும். ஆனால் ஒரு பல்பு போய் வரிசையே அணைந்த பிறகு, அந்தப் பல்பின் இரு முனைகளுக்கிடையே நிற்பது ஆறு வோல்ட் அல்ல, முழு 230 வோல்ட். அணைந்துதானே கிடக்கிறது என்று பிளக்கைப் பிடுங்காமல் கைவைத்தவர்கள் ஏன் அதிர்ச்சி வாங்கினார்கள் என்று இப்போது புரியும்.

இரண்டு இடத்தில் உடைப்பு இருந்தால் இந்த நடை நேர்முனைக்கு அருகில் உள்ளதை மட்டும் காட்டும். அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நடங்கள்.

மீட்டர் இல்லையா? பல்பை நேராகப் பேட்டரியில் தொட்டு அது நல்லதா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு நல்ல ஒயர் ஒன்றை எடுத்து, சுற்றில் உள்ள ஒவ்வொரு கம்பியின் இரு நுனிகளிலும், சாவியின் இரு முனைகளிலும் குறுக்கே தொட்டுப் பாருங்கள். எதைத் தாண்டும்போது பல்பு எரிகிறதோ அதுதான் கெட்டது. பல்புக்குக் குறுக்கே மட்டும் தொடாதீர்கள். காரணம் அடுத்த அறிகுறியில்.

சாவியைப் போட்டால் பல்பு அணைகிறது, எடுத்தால் எரிகிறது

இது எனக்கு மிகவும் பிடித்த பிழை. சாவியைப் பல்போடு தொடராக இணைக்காமல் பல்புக்குப் பக்கமாக, அதாவது அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே, இணைத்திருக்கிறீர்கள். சாவி போட்டதும் மின்னோட்டத்துக்குத் தடையே இல்லாத ஒரு குறுக்குவழி கிடைத்துவிடுகிறது. பல்பின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் ஏறக்குறைய சுழியாகிவிடுவதால் அது அணைகிறது. பேட்டரியோ மூச்சு முட்ட ஓடுகிறது. உடனே சாவியை எடுங்கள்.

பேட்டரியோ கம்பியோ சுடுகிறது

முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. காரணத்தை அப்புறம் தேடலாம்.

எங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டிருக்கிறது. அகமின்தடை (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை) 0.3 ஓம் உள்ள ஒரு நல்ல 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் சேர்த்தால் 1.5 ÷ 0.3, அதாவது 5 ஆம்பியர் வரை ஓட முடியும். நமது பல்பு கேட்பது வெறும் 0.3. மீதியெல்லாம் வெப்பம். உரித்த கம்பியின் பிசிறு ஒன்று பக்கத்து முனையைத் தொட்டிருக்கலாம். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைப் பேட்டரிக்கு நேர் குறுக்கே இணைத்திருக்கலாம். அம்மீட்டரின் தடை மிகக் குறைவு என்பதால் அதுவும் ஒரு கம்பித் துண்டு போலத்தான்.

பழைய கைப்பேசியிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரியை இந்தச் சோதனைகளுக்குக் கொண்டுவர வேண்டாம். அதன் அகமின்தடை மிகச் சிறியது. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் சூடாவதோடு நிற்காமல் தீப்பிடிக்கவும் கூடும். ஒன்பது வோல்ட் பேட்டரியைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போட்டுக்கொள்வதும் தவறு. இரண்டு முனைகளும் ஒரே பக்கம் இருப்பதால் அவற்றைச் சேர்த்துவிட ஒரு வீட்டுச் சாவி போதும்.

தீ விபத்துச் செய்திகளில் நம் நாளிதழ்கள் எல்லாவற்றையும் 'மின்கசிவு' என்று எழுதிவிடுகின்றன. கசிவு என்பது காப்பு பழுதாகி மின்னோட்டம் போகக் கூடாத வழியில் நிலத்துக்கோ உலோக உறைக்கோ ஒழுகுவது. குறுக்குச்சுற்று என்பது இரண்டு கம்பிகள் நேருக்கு நேர் சேர்ந்து வெள்ளமாகப் பாய்வது. உங்கள் விடைத்தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பல்பு எரிகிறது, ஆனால் மங்கலாக

இப்போது பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதைச் சுற்றிலிருந்து கழற்றி அளந்துவிட்டு "2.8 வோல்ட் இருக்கிறதே, நல்லதுதான்" என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பேட்டரியின் முனைகளில் அளங்கள். கழற்றி அளந்தபோது 2.8, எரியும்போது 1.6. காணாமல் போன 1.2 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே, அதன் அகமின்தடையில் விழுகிறது. ஓடும் மின்னோட்டம் 0.24 ஆம்பியர் என்றால் 1.2 ÷ 0.24 = 5 ஓம். பேட்டரி பழையதாக ஆக இந்த அகமின்தடைதான் வளர்கிறது.

டார்ச்சில் ஓய்ந்துபோன பேட்டரியை அம்மா எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் அது மாதக்கணக்கில் ஓடுவதன் ரகசியம் இதுவே. கடிகாரம் கேட்கும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. அதை 5 ஓமால் பெருக்கினால் இழப்பு கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு. ஓய்ந்த பேட்டரியை மொட்டை மாடி வெயிலில் காயவைக்கும் வழக்கத்துக்கும் கொஞ்சம் நியாயம் உண்டு: சூட்டில் உள்ளே வேதிவினை சற்று வேகமாகும், அகமின்தடை சற்றுக் குறையும். சிறிது நேரத்துக்குத்தான். செத்த பேட்டரி பிழைப்பதில்லை.

எரியும்போது அளந்தும் பேட்டரியில் 2.9 வோல்ட் நிற்கிறது, பல்பின் முனைகளில் மட்டும் 2.3 என்றால்? 0.6 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. இப்போது மீட்டரின் இரண்டு ஒயர்களையும் ஒவ்வோர் உறுப்பின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். நல்ல கம்பிக்கும் நல்ல சாவிக்கும் குறுக்கே ஏறக்குறைய 0 காட்ட வேண்டும். எது 0.5, 0.6 என்று காட்டுகிறதோ அந்த இணைப்பில் துரு, தளர்வு, அழுக்கு ஏதோ ஒன்று தடையாக உட்கார்ந்திருக்கிறது.

தொடரிணைப்பில் ஒரு பல்பு பளிச்சென்று, இன்னொன்று மங்கலாக

"முதல் பல்பு மின்னோட்டத்தைச் சாப்பிட்டுவிட்டது சார்." இல்லை. மின்னோட்டம் சாப்பாடு அல்ல. தொடர்ச்சுற்றில் எந்த இடத்தில் அம்மீட்டரைச் செருகினாலும் ஒரே அளவுதான். பல்புகளை இடம் மாற்றிப் பாருங்கள். மங்கிய பல்பு எங்கே போனாலும் மங்கியே இருந்தால் காரணம் இடமல்ல, பல்பு.

கழுத்தில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ஒன்று 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர், மற்றது 2.5 வோல்ட் 0.2 ஆம்பியர் என்று இருக்கலாம். முதலாவதன் தடை 8.3 ஓம், இரண்டாவதன் தடை 12.5 ஓம். ஒரே மின்னோட்டம் ஓடும்போது தடை அதிகமுள்ளதில்தான் மின்னழுத்தமும் திறனும் அதிகம் விழும். 0.2 என்று எழுதியது பளிச்சென்று எரியும். 60 வாட் குண்டு பல்பையும் 100 வாட் குண்டு பல்பையும் தொடராக இணைத்தால் எது அதிகம் எரியும் என்ற வினாவுக்கும் இதே விடை: 230 வோல்டில் 60 வாட் பல்பின் தடை ஏறத்தாழ 880 ஓம், 100 வாட் பல்புக்கு 530 ஓம். 60 வாட் பல்புதான் வெல்லும்.

இன்னொரு வேடிக்கை. எல்.இ.டி. ஒன்றையும் டார்ச் பல்பு ஒன்றையும் தொடராக இணைத்தால் எல்.இ.டி. எரியும், பல்பு செத்ததுபோல் இருக்கும். பல்பு கெட்டுவிடவில்லை. எல்.இ.டி.க்குப் போதுமான 0.02 ஆம்பியர், 0.3 ஆம்பியர் பல்பின் இழையைச் சிவக்கவைக்கக்கூடப் போதாது.

பக்க இணைப்பில் பல்பு சேர்க்கச் சேர்க்க எல்லாம் மங்குகின்றன

பக்க இணைப்பில் ஒவ்வொரு பல்புக்கும் முழு மின்னழுத்தம் கிடைக்கும் என்று பாடநூல் சொல்கிறது. மேசையில் அப்படி நடப்பதில்லை. பாடநூல் பொய் சொல்லவில்லை. அகமின்தடை இல்லாத பேட்டரியைப் பற்றிப் பேசுகிறது.

3 வோல்ட் பேட்டரி, அகமின்தடை 1 ஓம், ஒவ்வொரு பல்பும் 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல்பு மட்டும் இருந்தால் மொத்தத் தடை 11 ஓம், பல்புக்குக் கிடைப்பது 2.73 வோல்ட். இரண்டு பல்பு பக்கமாக இருந்தால் அவற்றின் தொகுபயன் தடை 5 ஓம், கிடைப்பது 2.5 வோல்ட். மூன்றானால் 2.31. ஒவ்வொரு பல்பும் மற்ற பல்புக்காகப் பேட்டரிக்குள் விழும் இழப்பையும் சேர்த்துச் சுமக்கிறது. வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்ட நொடியில் விளக்கு ஒரு கணம் மங்குவது இதன் பெரிய அண்ணன். அங்கே இழப்பு வீட்டுக்கு வரும் கம்பிகளில் விழுகிறது.

எல்.இ.டி. எரியவில்லை, அல்லது ஒரு நொடி எரிந்து செத்தது

எரியவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள். நீளமான கால் நேர்முனைக்கு. கால்களை வெட்டிவிட்டீர்களென்றால் அடிவிளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்முனை. அப்படியும் எரியாவிட்டால் நிறத்தைப் பாருங்கள். சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். நீலமும் வெள்ளையும் 3 வோல்ட் கேட்கும். ஓய்ந்த இரண்டு பேட்டரிகள் அதைத் தராது.

ஒரு நொடியில் செத்தது என்றால் தடையாக்கி (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு உறுப்பு) போடாமல் ஒன்பது வோல்ட் பேட்டரியில் இணைத்திருப்பீர்கள். கணக்கு எளிது: 9 வோல்டில் எல்.இ.டி. எடுப்பது 2, மிச்சம் 7. மின்னோட்டம் 0.02 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. 7 ÷ 0.02 = 350 ஓம். கடையில் கிடைக்கும் 470 ஓம் போட்டால் 0.015 ஆம்பியர் ஓடும், பத்திரமாக எரியும். 470-க்கு நிறப் பட்டைகள் மஞ்சள், ஊதா, பழுப்பு. மூன்றாவது பட்டை கறுப்பாக இருந்தால் அது 47 ஓம்; எல்.இ.டி. பிழைக்காது. சிவப்பாக இருந்தால் 4,700 ஓம்; இருட்டில்தான் தெரியும்.

மீட்டரே விசித்திரமாகக் காட்டுகிறது

முள் பின்னோக்கி ஓடினால் முனைகள் மாறியிருக்கின்றன, மாற்றினால் முடிந்தது. வோல்ட்மீட்டரைத் தொடராகப் போட்டிருந்தால் பல்பு எரியாது, மீட்டர் மட்டும் பேட்டரியின் முழு மின்னழுத்தத்தைக் காட்டும். வோல்ட்மீட்டரின் தடை அவ்வளவு பெரிது.

மல்டிமீட்டர் ஆம்பியர் நிலையில் 0.00 என்றே நின்றால் அதன் உள்ளே இருக்கும் சிறிய மின் உருகியைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் யாரோ அதை ஆம்பியர் நிலையில் வைத்துப் பேட்டரிக்குக் குறுக்கே தொட்டிருப்பார்கள். மின்னோட்டம் அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறப்பவர்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள்.

தடையை அளக்கும்போது பேட்டரியைக் கழற்றியாக வேண்டும். பக்க இணைப்பில் உள்ள உறுப்பானால் அதன் ஒரு காலையாவது விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். எல்லாம் சரியாகச் செய்தும், 8.3 ஓம் வர வேண்டிய டார்ச் பல்பு மீட்டரில் ஓர் ஓம் போலக் காட்டும். மீட்டர் சரி. குளிர்ந்த இழையின் தடை எரியும் இழையின் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பல்புகள் பெரும்பாலும் சாவி போடும் நொடியிலேயே போவதற்கும் இதுவே காரணம்: அந்த நொடியில் மின்னோட்டம் பல மடங்கு பாய்கிறது.

ஓம் விதிக்கு வரைந்த கோடு நேராக வரவில்லை

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் குறித்து வரையும் கோடு, பல்பை வைத்து அளந்திருந்தால் நேராக வராது. மேலே சொன்ன காரணம்தான். சூடேறச் சூடேறத் தடை வளர்கிறது, கோடு வளைகிறது. நிக்ரோம் கம்பியை வையுங்கள், அதன் தடை வெப்பத்தால் அதிகம் மாறாது.

நிக்ரோம் வைத்தும் புள்ளிகள் சிதறினால் மேசையில் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். சாவியைப் போட்டபடியே விட்டுவிட்டு, ஒருவர் படிக்க, இன்னொருவர் எழுத, மூன்றாமவர் பேனா தேடிக்கொண்டிருப்பார். அதற்குள் பேட்டரி இறங்குகிறது, கம்பி சூடாகிறது. வோல்ட்மீட்டரை இப்போதும் அம்மீட்டரை அரை நிமிடம் கழித்தும் படித்தால் இரண்டும் வேறு வேறு நிலைகளின் அளவுகள்.

ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்த கியார்க் சைமன் ஓமுக்கும் இதே தொல்லை வந்தது. அவர் முதலில் பயன்படுத்திய வோல்டா அடுக்கின் (உலோகத் தகடுகளை அடுக்கிச் செய்த அக்காலப் பேட்டரியின்) மின்னழுத்தம் அளக்க அளக்க இறங்கிக்கொண்டே போனது. இயற்பியலாளர் பொகென்டார்ஃப் சொன்ன யோசனைப்படி அவர், வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார்: செம்பும் பிஸ்மத்தும் சேரும் இரண்டு சந்திகள், ஒன்று கொதிக்கும் நீரில், மற்றது பனிக்கட்டியில். இரண்டின் வெப்பநிலையும் மாறாது என்பதால் மின்னழுத்தமும் நிலையாக நின்றது. அதன் பிறகுதான் அளவுகள் ஒழுங்குக்கு வந்தன. 1827-இல் நூலும் வந்தது.

உங்களிடம் கொதிக்கும் நீரும் பனிக்கட்டியும் வேண்டாம். ரியோஸ்டாட்டை (தடையைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) நகர்த்துங்கள், சாவியைப் போடுங்கள், ஒருவர் வோல்ட்மீட்டரையும் மற்றவர் அம்மீட்டரையும் ஒரே நேரத்தில் படியுங்கள், சாவியை எடுங்கள். எழுதுவது அதற்குப் பிறகு.